விலையின்றிக் கிடைக்கும் கணினிப் பாடக்கருவிகளும் நமது மாலை வகுப்பும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

மதரஸாக் கட்டடத்தின் மாடியில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே நடைபெற்றுவரும் பள்ளிப்பாட மாலை வகுப்பினை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவ்வகுப்புக்கென ஆண்டுச் சந்தா செலுத்திப் பெறும் கணினிப் பாடத் தொகுப்பு ஒன்றை வாங்கலாமா என்னும் கேள்வி இன்று பொதுக்குழுவின் முன் உள்ளது. முடிவெடுக்கும் முன்னர், விலையின்றிக் கிடைப்பவை எவை, அவற்றை வகுப்பறையில் எவ்வாறு கையாளலாம் என்பதை விளக்குமாறு நிர்வாகத்தினர் கல்விக் குழுவினராகிய எங்களைப் பணித்தனர். எங்கள் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். பள்ளிப் பிள்ளைக்குத் தேவையான பாடப்பொருள் அநேகமாக முழுவதும் இன்று விலையின்றிக் கிடைக்கின்றது. கிடைக்காதது, அதனைத் தேர்ந்து வகுப்புக்கு ஏற்பப் பதப்படுத்தித் தரும் ஆசிரியரின் நேரம். ஜமாஅத்தின் பணம் அந்த நேரத்திற்கே செல்ல வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

‘இலவசம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் சிலருக்கு ஐயம் எழுவது இயல்பே. அந்த ஐயம் தேவையற்றதும் அன்று. கற்றல் செயலிகளை விற்கும் நிறுவனங்கள் இலவசம் என்று அறிவித்துவிட்டு, பின்னர் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் பிடித்துக்கொள்ளும் முறைக்குப் பெற்றோரிடம் ஒப்புதல் பெற்றுவிடுவதைக் குறித்து, ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. முதல் மாதம் இலவசம், அடுத்த மாதம் தவணை என்பது தூண்டிலில் வைத்த இரையைப் போன்றது. இது ஒரு வகை.

இரண்டாவது வகையில் பணம் கேட்கமாட்டார்கள். ஆனால் பிள்ளையின் பெயர், வயது, கைப்பேசி எண், அது எதைப் பார்த்தது, எவ்வளவு நேரம் பார்த்தது என்பன போன்ற விவரங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். 2023-இல் நிறைவேற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கின்றது. ஆனால் ஒப்புதல் பொத்தானை அழுத்துவது பெரும்பாலான வீடுகளில் பிள்ளையின் விரல்தான் என்பதை நாம் அறிவோம்.

மூன்றாவது வகையே நாங்கள் இங்குப் பரிந்துரைப்பது. ஆக்கியவர்களே, ‘எடுத்துக்கொள், நகலெடு, பிறருக்கும் கொடு’ என்று எழுத்து மூலம் அனுமதி அளித்து வெளியிடும் வகை அது. இவ்வழக்கம் நேற்று முளைத்தது அன்று. ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் 1983-இல் கட்டற்ற மென்பொருள் முயற்சியை அறிவித்தார். 2001-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் வகுப்புப் பாடங்களை உலகத்தார் அனைவருக்கும் திறந்துவிடுவதாக அறிவித்தது. 2002-இல் யுனெஸ்கோ கூட்டிய ஓர் அவையில் இவற்றுக்குத் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்னும் பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு, எந்த அளவுக்கு நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்பதை ஆசிரியர்களும் புரிந்துகொள்ளும்படி உரிம வாசகங்களை வகுத்துத் தந்தது. அண்டை மாநிலமான கேரளம் 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டத்தின் வழியாக அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியையே கட்டற்ற மென்பொருளின் மீது அமைத்துக்கொண்டது. 2017-இல் அத்திட்டம் கைட் என்னும் நிறுவனமாக உயர்த்தப்பட்டது. ஏழைகளுக்கென ஒதுக்கப்பட்ட மட்டமான சரக்கு என்று இதனை எவரும் எண்ணிவிடலாகாது என்பதற்காகவே இவ்வரலாற்றைக் கூறினோம்.

சரி, தமிழில் என்ன உள்ளது? தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் 1-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை மின்னூல் வடிவில் விலையின்றிக் கிடைக்கின்றன. 2018 முதல் வெளியான புதிய நூல்களின் பக்கங்களில் அச்சிடப்பட்டுள்ள சதுரக் கட்டக் குறியீடுகளைக் கைப்பேசியால் படித்தால் அப்பாடத்துக்குரிய காணொலிகளும் பயிற்சிகளும் திறக்கும். அவற்றைத் தாங்கி நிற்கும் தீக்ஷா தளம் 2017-இல் தொடங்கப்பட்டது. அந்தக் கட்டங்களை அழகுக்குப் போட்ட கோலம் என்று எண்ணிக் கடந்துசெல்லும் பெற்றோர் இன்றும் உளர். 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பாடங்களை வீட்டுக்கே கொண்டுவந்தது.

இலக்கியத்துக்கு மதுரைத் திட்டம் உள்ளது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியில் தன்னார்வலர்கள் தொடங்கிய பணி அது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் எதுவும் பெறாமல் பழைய நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணம் அங்கு உள்ளது. நம் இல்லங்களில் பெயரளவில் மட்டும் அறியப்பட்ட அக்காப்பியத்தை, நம் பிள்ளை ஒரு காசும் செலவின்றித் திரையில் திறந்து படிக்க இயலும். 2001-இல் தொடங்கப்பட்டு இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனத்தின் நூலகமும் அத்தகையதே. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கணினிப் பயிற்சிகள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. பட்டியலை இன்னும் நீட்டலாம், நீட்டுவதால் பயனில்லை.

ஏனெனில், கிடைப்பது வேறு, கற்பது வேறு. தென் அமெரிக்காவின் பெரு நாட்டு அரசு, ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்னும் திட்டத்தின் கீழ்ப் பெருந்தொகை செலவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினிகளை வழங்கியது. 319 ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் அதன் விளைவை ஆராய்ந்து, அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி 2012-இல் அறிக்கை வெளியிட்டது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் தேர்ச்சி கூடியதற்குச் சான்றில்லை என்பது அதன் முடிவு. யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையும் பெரு நாட்டையே எடுத்துக்காட்டி, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் கற்பிக்கும் முறையோடு இணைக்கப்படாமல் வழங்கப்பட்டதால் கல்வி முன்னேறவில்லை என்று கூறியது. அவ்வளவு பெரிய அரசுக்கே நேர்ந்தது, நம் சிறிய ஜமாஅத்துக்கு நேராது என்பதற்கு என்ன உறுதி?

ஆகவே வகுப்பறைக்குள் வருவோம். எங்கள் வகுப்பில் மின்சுற்றுப் பாடம் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைச் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றோம். இயற்பியலில் 2001-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபெட் என்னும் முயற்சியைத் தொடங்கினார். அறிவியல், கணக்குச் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவுவது அது. அதன் சோதனைகள் பலவும் தமிழாக்கம் பெற்றுள்ளன. மின்கலம், கம்பி, பல்பு, சாவி ஆகியவற்றை இழுத்துவந்து இணைத்தால் திரையில் பல்பு எரியும்.

இதனை நேரடியாகப் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நாங்கள் செய்வது வேறு. முதலில் திரையை அணைத்து வைக்கின்றோம். கரும்பலகையில் இரண்டு பல்புகளைத் தொடர் இணைப்பில் வரைந்து, ‘எந்த பல்பு கூடுதலாக எரியும்?’ என்று கேட்கின்றோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் விடையையும் அதற்கான காரணத்தையும் நோட்டில் எழுத வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்க்கக் கூடாது. மின்சாரம் முதல் பல்புக்கு வந்தவுடன் அதில் ஒரு பகுதி செலவாகிவிடும், ஆகவே இரண்டாவது பல்பு மங்கலாகத்தான் எரியும் என்று எழுதும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கின்றார்கள். பெரியவர்களிடம் கேட்டாலும் பலர் அவ்வாறே கூறுவார்கள். அதன் பின்னரே திரையை இயக்குகின்றோம். ஒரே மாதிரியான பல்புகள் இரண்டும் ஒரே அளவில் எரிகின்றன. அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தால் மின்னோட்டத்தின் அளவு மாறவில்லை. அந்த நொடியில் வகுப்பில் எழும் சலசலப்பு இருக்கின்றதே, அதுதான் பாடம் தொடங்கும் இடம்.

பின்னர் ஒரு பல்பைக் கழற்றினால் மற்றது அணைந்துபோகின்றது. ‘உங்கள் வீட்டில் சமையலறை விளக்கை அணைத்தால் கூடத்து விளக்கும் அணைகின்றதா?’ என்று கேட்டால் பக்க இணைப்பு என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகின்றார்கள். மறுநாள் உண்மையான பேட்டரி, கம்பி, சிறு பல்புகளைக் கொண்டு அதே சுற்றை அமைக்கச் சொல்கின்றோம். திரையில் கம்பி ஒருபோதும் தளர்வதில்லை, பல்பு ஃபியூஸ் போவதில்லை. கையால் செய்யும்போதுதான் அவை எல்லாம் நேரும். இரண்டும் வேண்டும் என்பது எங்கள் துணிபு.

கணக்குக்கு ஜியோஜிப்ரா என்னும் கருவி உள்ளது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த மார்கஸ் ஹோஹன்வார்டர் 2001-இல் உருவாக்கத் தொடங்கியது அது. அரைவட்டத்தின் மீது ஒரு புள்ளியை வைத்து, விட்டத்தின் இரு முனைகளோடும் அதனை இணைத்துக் கோணத்தை அளக்கச் செய்கின்றோம். புள்ளியை எங்கு நகர்த்தினாலும் 90 பாகைதான் காட்டும். பிள்ளைகள் வியக்கின்றார்கள். ஆயினும் ஆயிரம் இடத்தில் 90 எனக் காட்டுவது நிறுவலாகாது. இங்குத் திரையை அணைத்துவிட்டுச் சாக்கட்டியை எடுக்க வேண்டும். மையத்திலிருந்து அப்புள்ளிக்கு ஓர் ஆரம் வரைந்தால் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். பெரிய முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து 180. அதில் சரிபாதி அந்தக் கோணம். கருவி கேள்வியைப் பிறப்பித்தது, விடை கரும்பலகையில் பிறந்தது. எந்த இடத்தில் திரையை அணைக்க வேண்டும் என்று அறிந்திருப்பதே இவ்வகுப்புகளில் ஆசிரியரின் முதன்மையான திறமை என்போம். சந்தா கட்டி வாங்கும் தொகுப்பில் இந்த அணைக்கும் பொத்தான் ஆசிரியரின் கையில் இருப்பதில்லை. காணொலி தொடங்கினால் முடியும் வரை ஓடும்.

ஸ்டெல்லேரியம் என்னும் விலையில்லா வானியல் மென்பொருளைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊரின் பெயரைக் கொடுத்துவிட்டால் இன்று இரவு வானம் எவ்வாறு தோன்றும் என்பதைக் காட்டும். நிலவு நாள்தோறும் ஏறத்தாழ 12 முதல் 13 பாகை கிழக்கே நகர்வதையும், அதனால் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதித்து மறைவதையும், ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்குச் சராசரியாக 29.53 நாள் ஆவதையும் பிள்ளைகள் கண்ணால் காண்கின்றார்கள். மாதம் ஏன் சில வேளை 29-லும் சில வேளை 30-லும் முடிகின்றது, முதல் பிறை ஏன் எப்போதும் மேற்கில் சூரியன் மறைந்த பின்னரே தென்படுகின்றது என்ற கேள்விகளை, ஆண்டுதோறும் பள்ளிவாசல் மாடியில் நின்று பிறை தேடும் நம் பிள்ளைகளை விட ஆவலாகக் கேட்பவர் யார்? மாதத் தொடக்கம் பற்றிய முடிவு ஆலிம்களுக்கு உரியது. எங்கள் வகுப்பில் நடப்பது 29.53 என்ற எண்ணின் கணக்கு மட்டுமே. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றோம்.

விக்கிப்பீடியாவைப் பிள்ளைகள் பார்த்து எழுதிவிடுவதாகப் பள்ளி ஆசிரியர்கள் குறைபடுவது உண்டு. பார்த்து எழுதும் பழக்கம் நோட்ஸ் புத்தகக் காலத்திலிருந்தே உள்ளது. நாங்கள் பிள்ளைகளை ஒரு கட்டுரையின் ‘வரலாறு’ பக்கத்தைத் திறக்கச் சொல்கின்றோம். யார் எந்த நாளில் எந்த வரியைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பது அங்குத் தெரியும். சான்று எண் இல்லாத வரிகளைக் கோடிட்டு, அவற்றைப் பாடநூலோடு ஒப்பிடச் செய்கின்றோம். கேட்டதற்கு எல்லாம் உடனே விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இதே மருந்துதான். அவை தவறான விடையையும் தயக்கமின்றிக் கூறும். ஆகவே அச்செயலி தந்த விடையை ஆசிரியர் அச்சிட்டுக் கொண்டுவந்து, அதிலுள்ள பிழைகளைக் கண்டுபிடிப்பதையே பயிற்சியாகக் கொடுக்கலாம். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும். சிறு பிள்ளைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

பெற்றோர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது: ‘இணையத்தைக் கையில் கொடுத்தால் பிள்ளை வேறு எங்கோ போய்விடாதா?’ என்பது. மாலை வகுப்பில் பிள்ளைகள் கையில் இணையமே இல்லை. கிவிக்ஸ் என்னும் விலையில்லா மென்பொருளின் துணையால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரு கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு, இணைப்பு ஏதுமின்றியே படிக்கலாம். ஃபெட் சோதனைகளையும் பாடநூல்களையும் அவ்வாறே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஒரு முறை இறக்கினால் போதும். டேட்டா தீர்ந்துவிட்டது என்ற பேச்சுக்கும் இடமில்லை.

இனி, இன்றைய உரையில் எங்களுக்கு மிகவும் முக்கியமான செய்தி. கொரோனாக் காலத்தில் பாடங்கள் எல்லாம் கைப்பேசிக்கு மாறியபோது, நம் மஹல்லாவில் பல வீடுகளில் இருந்தது ஒரே கைப்பேசி. அது வாப்பாவோடு கடைக்குப் போய்விடும். இரவில் வந்தால் அண்ணன் கைக்குப் போகும்; தங்கையின் முறை வருவதற்குள் அவள் உறங்கியிருப்பாள். இன்றும் அந்நிலை முற்றிலும் மாறிவிடவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் கைப்பேசியில் தனித்தனியே பயன்படுத்தும்படி அமைந்த சந்தாத் தொகுப்பை வாங்கினால், கைப்பேசி உள்ள பிள்ளைக்கே அது மேலும் பயன்படும். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து பார்க்கும் ஒரே திரைதான் அண்ணனையும் தங்கையையும் ஒரே வரிசையில் அமர்த்தும். அதிலும், மஃரிபுக்குப் பின் நடைபெறும் வகுப்புக்கு 8-ஆம் வகுப்பைத் தாண்டிய பெண் பிள்ளைகளை அனுப்பத் தாய்மார்கள் தயங்குகின்றார்கள். அவர்கள் தயக்கத்தைக் குறை கூறுவதை விட நேரத்தை மாற்றுவதே எளிது. சனி, ஞாயிறு காலைகளில் பெண் பிள்ளைகளுக்கென ஒரு வகுப்பும், அதற்கு ஓர் ஆசிரியையும் தேவை.

ஆகவே பொதுக்குழுவின் முன் நாங்கள் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: சந்தாவுக்கென ஒதுக்கக் கருதிய தொகையைக் கொண்டு முதலில் அந்த ஆசிரியையை நியமியுங்கள். மாலை வகுப்பு ஆசிரியர்களுக்கு நடத்தும் மணிக்கு மட்டுமன்றி, வாரத்தில் இரண்டு மணி நேரம் பாடத்தைத் தேர்ந்து ஆயத்தம் செய்வதற்கும் ஊதியம் கொடுங்கள். மின்சுற்றுப் பாடத்துக்கு ஆசிரியர் ஒருவர் தம் வீட்டில் அமர்ந்து முன்னேற்பாடு செய்த நேரத்தை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்நேரம் இல்லையேல் அப்பாடமும் இல்லை. மீதமுள்ள தொகையில் ஒரு புரொஜெக்டர் வாங்கலாம். வெள்ளைச் சுவர் நம்மிடம் இருக்கின்றது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் சில வீடுகளில் பரணில் கிடக்கின்றன. பேட்டரி போயிருந்தாலும் மின்இணைப்பில் இயங்குபவற்றுக்கு, எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி உயிரூட்ட இயலும். நம் இளைஞர்களில் இதனை அறிந்தோர் சிலர் உதவ முன்வந்துள்ளனர். வினாத்தாள் தயாரிக்க லிப்ரே ஆஃபிஸ் போதுமானது. யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்தால், பழைய எழுத்துருக்களைப் போல வேறு கணினியில் திறக்கும்போது தமிழ் அலங்கோலமாக மாறும் தொல்லையும் இராது.

விற்பனைக்கு வரும் தொகுப்புகள் அனைத்தும் பயனற்றவை என்று நாங்கள் கூறவில்லை. சிலவற்றின் காணொலிகள் மிக நேர்த்தியானவை. ஆனால் சந்தா நின்ற நாளில் அவை நம் கையை விட்டுப் போய்விடும். நாட்டிலேயே பெரியது எனப் பெயர் பெற்ற கற்றல் செயலி நிறுவனம் ஒன்று 2024-இல் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளானதை நாளிதழ்களில் படித்தோம். நம் கணினியில் இறக்கி வைத்துள்ள சீறாப்புராணத்தை எந்த வழக்கும் எடுத்துச் செல்லாது.

இறுதியாக ஓர் அறிவிப்பு. மேலே கூறியவற்றுள் நகலெடுக்க அனுமதி உள்ளவற்றை மட்டும் வகுப்புவாரியாகப் பிரித்து, மதரஸா அலுவலகக் கணினியில் சேர்த்து வைத்துள்ளோம். வருகின்ற சனிக்கிழமை முதல் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே எவரும் வந்து பெற்றுக்கொள்ளலாம். 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று கொண்டுவந்தால் ஒரு வகுப்புக்கு உரியவை அடங்கும். முதலில் வைரஸ் சோதனை செய்வோம். ஆகவே சற்றுப் பொறுத்திருக்க நேரலாம். பெண் பிள்ளைகளுக்கான வார இறுதி வகுப்பில் சேர விரும்புவோரின் பெயர்களைத் தாய்மார்கள் இன்றே, கூட்டம் முடிந்தவுடன் வாசலில் வைத்துள்ள பதிவேட்டில் எழுதிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.